எழும்பி நிக்காத ஆளைத் தேடி

இதை எழுதச் சொன்னது எனக்கு வைத்தியம் பாக்கிற ரிஸானா மிஸ். கொழும்பில தெமட்டகொடைப் பக்கம் ஒரு பாமசிக்கு மேல்மாடியில அவவின்ர அறை. வருத்தம் வந்த கதையை வந்த மாதிரியே எழுதுங்க, இதே வருத்தத்தோட வேற ஒரு ஆள் வாசிச்சா அவருக்கு உதவும் எண்டு சொன்னா. ஒரு நிபந்தனையும் போட்டா. எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பிச்சனான், அதில எத்தனை பேர் டொக்டராய் வந்தவை எண்ட கணக்கு இதில வரக்கூடாது. முதல் பக்கத்திலயே மூண்டு தரம் வெட்டிப்போட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறன். பார்த்துக்கொள்ளுங்கோ, வருத்தம் எவ்வளவு ஆழத்தில கிடக்குது எண்டு.

என்ர பேர் சபேசன். வயசு அம்பத்தேழு. வெள்ளவத்தையில ஏ.எல்., பல்கலைக்கழகம் போறதுக்கான சோதனை, எடுக்கிற பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி ரியூசன் குடுக்கிறன். கடற்கரைப் பக்கம் இறங்கிற எந்த ஒழுங்கையிலயும் நிண்டு கெமிஸ்ட்ரி சேர் வீடு எதெண்டு கேட்டா காட்டுவினம். பாருங்கோ, திரும்பவும். சரி, அதை விடுவம்.

நெஞ்சு வலி வந்தது வகுப்பில வைச்சு. இருநூறு பேர் இருக்கக்கூடிய ஹோல் அது. அண்டைக்கு வந்தது பதினொரு பேர். ஓன்லைனில ஒரு பொடியன் மாஸ்டர் படிப்பிக்கத் தொடங்கி ரண்டு வருசம், என்ர வகுப்பு கரைஞ்சு கரைஞ்சு அந்தளவில வந்து நிண்டது. தலைகளை எண்ணிப்போட்டு பலகைப் பக்கம் திரும்பினன். ஆரோ முழங்காலை வைச்சு அமத்தின மாதிரி இடது பக்கம் ஒரு வலி. வேர்த்துக் கொட்டுது, கை விறைக்குது, இழுத்த மூச்சு பாதியில நிக்குது. செத்துப்போறன் எண்டுதான் நினைச்சன். அந்த நேரத்திலயும் எனக்கு வந்த யோசனை என்ன தெரியுமோ? போயும் போயும் பதினொரு பேருக்கு முன்னாலயோ சாகிறது எண்டு. பொய் இல்லை, அப்பிடித்தான் நினைச்சனான்.

பிள்ளைகள்தான் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை. அஞ்சு நாள் வைச்சிருந்தினம். முதலில ஈ.சி.ஜி., நெஞ்சில வயரை ஒட்டி இருதயத் துடிப்பைக் கோடாய்க் கீறி எடுக்கிறது. பிறகு ட்ரொபோனின் எண்டு ஒரு ரத்தப் பரிசோதனை. இருதயத் தசைக்குக் காயம் பட்டா அதுக்குள்ள இருக்கிற ஒரு புரதம் ரத்தத்தில கசியும், அது கூடுதோ எண்டு பாக்கிறதுக்காக சில மணித்தியாலம் விட்டுத் திரும்பவும் குத்தி எடுப்பினம். பிறகு எக்கோ, வயித்துப்பிள்ளைக்காரிக்கு ஸ்கேன் பண்ணுற மாதிரி இருதயத்தைப் பாக்கிறது. கடைசியா அஞ்சியோகிராம். மணிக்கட்டால மெல்லிய குழாயை விட்டு, மருந்தைச் செலுத்தி, எங்க அடைப்பு இருக்கு எண்டு படம் எடுக்கிறது. வலி பெரிசா இல்லை. குளிர்தான் தாங்கேலாது. அந்த அறைக்கு வெளியில தள்ளுகட்டிலில கிடந்து முறைக்குக் காத்திருக்கேக்க எல்லா ஆக்களும் ஒண்டுதான், ஒரே பச்சை உடுப்பு. எனக்கு அதுவும் பொறுக்கேல்லை.

இருதய டொக்டர் என்ர பழைய மாணவன். உள்ள வந்தவன் கட்டிலுக்குப் பக்கத்தில கையைக் கட்டிக்கொண்டு நிண்டான். நர்ஸ் கதிரை இழுத்துப் போட்டும் அதில இருக்கேல்லை. அதைப் பார்த்து வார்ட்டே என்னைப் பார்த்தது. வலியில கிடந்த எனக்கு அண்டைக்குத்தான் கொஞ்சம் சுகம்.

என்ர மனிசி வதனி அஞ்சு நாளும் ஒரு பிளாஸ்டிக் கதிரையிலதான் இருந்தவ. விடியக்காலமையில எழுப்பி ஃபிளாஸ்கில இருந்து கஞ்சி ஊத்தித் தருவா. நான் ஒவ்வொரு நாளும் நொட்டை சொன்னனான், உப்புக் காணாது எண்டு. அவ கோப்பையைக் கழுவி வைப்பா.

அஞ்சாம் நாள் டொக்டர் வந்து, ரத்தக்குழாய் எல்லாம் சுத்தம் சேர், உங்களுக்கு வந்தது மனப் பதட்டத்தால வாற வலி எண்டான். மற்ற ஆக்கள் எண்டா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிருப்பினம். எனக்கு ஏமாத்தமாய்ப் போச்சு. இருதய வருத்தத்துக்கு எங்கட சனத்தில ஒரு மரியாதை இருக்கு. மனப் பதட்டம் எண்டு ஆருக்குப் போய்ச் சொல்லுறது?

மனநல டொக்டரிட்ட அனுப்பிச்சினம். எங்கட சனம் அவரை விசர் டொக்டர் எண்டுதான் சொல்லும், நானும் அப்பிடிச் சொல்லிச் சிரிச்ச ஆள்தான். எனக்குப் பிரசரும் இருக்கிறதால, கேட்டவைக்கு அதுக்குத்தான் போறம் எண்டு வதனி சொல்லி வைச்சா. அங்கயும் பாருங்கோ, குகன் எண்டு என்ர இன்னொரு மாணவன். என்னைக் கண்ட உடன எழும்பி நிண்டான். நம்பர் போட்டுக் காத்திருந்த சனத்தைத் தாண்டி என்னைக் கூப்பிட்டு, தன்ர நல்ல கதிரையை எனக்குத் தந்திட்டு, நோயாளி இருக்கிற ஸ்டூலில தான் இருந்தான். சேரிட்ட காசு வாங்கிறதோ எண்டு காசும் வாங்கேல்லை. ரண்டு தரம் போனன். ரண்டு தரமும் 'ஸ்ட்ரெஸ் சேர், கொஞ்சம் ஓய்வெடுங்கோ' எண்டான். நான் என்ர வகுப்புக் கதைகளைச் சொன்னன், அவன் தலையாட்டினான்.

மூண்டாம் தரம் வதனி தான் தனியாக் கதைக்க வேணும் எண்டா. ஒரு மணித்தியாலத்துக்கு மேல நான் வெளியில சனத்தோட சனமாய்க் குந்தியிருந்தனான். உள்ள என்ன கதைச்சவ எண்டு எனக்கு இண்டைக்கும் முழுக்கத் தெரியாது. திரும்பக் கூப்பிட்டவன் என்ர முகத்தைப் பாக்காமல், பேச்சு வைத்தியம் செய்யிற ஒரு ஆளிட்டக் குடுங்கோ எண்டு ஒட்டின கடிதம் ஒண்டு தந்தான். எழும்பி நிண்டுகொண்டுதான் தந்தவன்.

ஒட்டின கடிதத்தைத் திறக்கக்கூடாது எண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற ஆள் நான். ஓட்டோவிலயே கிழிச்சன். 'நார்சிசிஸ்டிக் பெர்சனாலிட்டி டிஸோர்டர்' எண்டு இருந்தது. அவனால அந்தப் பேரை என்ர முகத்துக்கு நேரா வாயால சொல்லேலாமல் போச்சு. பிழை அவனில இல்லை. எங்கட ஆக்களுக்குப் படிப்பிச்சவரைக் கண்டா எழும்பி நிக்கத்தான் தெரியும். நிண்டுகொண்டிருக்கிற ஆள், கதிரையில இருக்கிற ஆளைப் பார்த்து உங்களிட்ட ஒரு குறை இருக்கு எண்டு எப்பிடிச் சொல்லுவான்?

இந்த வருத்தத்தை நான் விளங்கிக்கொண்ட மட்டும் சொல்லுறன். தமிழில தற்காதல் ஆளுமைக் கோளாறு எண்டு எழுதுவினம். காதலுமில்லை, கத்தரிக்காயுமில்லை. உள்ளுக்குள்ள தன்னைப் பற்றின நிம்மதி ஒண்டும் இல்லாமல் இருக்கிறது. அந்த வெறுமையை மற்றவையின்ர புகழால நிரப்பிக்கொண்டே இருக்க வேணும். ஒரு நாள் நிரம்பேல்லை எண்டா ஆள் ஆட்டம் கண்டிடும். சின்னக் குறை சொன்னாலும் அடிச்ச மாதிரி நோகும், நொந்தா மற்ற ஆளைச் சின்னனாக்கத் தோணும். மற்றவைக்கும் நோகும் எண்டது தலைக்குத் தெரியும், மனசுக்குப் போய்ச் சேராது. பெருமை அடிக்கிற எல்லாருக்கும் இது இல்லை. வீட்டையும் உறவையும் தின்னுற அளவுக்கு, காலம் முழுக்க இருந்தாத்தான் வருத்தம் எண்டு சொல்லுவினம். இதைச் சுகமாக்கவெண்டு குளிசை இல்லை. ஒரு ஆளோட வருசக்கணக்கில இருந்து கதைக்கிறதுதான் மருந்து. இந்த வருத்தக்காரர் அந்த ஆளோடயே கோவிச்சுக்கொண்டு பாதியில விட்டிட்டு ஓடுறதுதான் வழமையாம்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை வதனியிட்டக் குடுத்தன், அவ சிரிச்சுப்போட்டு எறிவா எண்டு நினைச்சு. அவ கண்ணாடியைப் போட்டு ரண்டு தரம் வாசிச்சா. பிறகு மெதுவாக் கேட்டா:

"இதுக்கு ஒரு பேர் இருக்கோ? இருபத்தெட்டு வருசமா நான் இது உங்கட குணம் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அதில கோவம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. கோவமெண்டா நான் சண்டை பிடிச்சு வெண்டிருப்பன்.

எங்களுக்கு ஒரே ஒரு மகள், அபிராமி. ஏ.எல். மூண்டு தரம் எடுத்தும் மெடிசின் கிடைக்கேல்லை. பிறகு ஏதோ படிச்சு, ஏதோ ஒரு வேலை எடுத்து, பக்கத்தில பாமன்கடை எண்ட இடத்தில, ஒரு வீட்டோட ஒட்டின அனெக்ஸ் வாடகைக்கு எடுத்துப் போயிட்டாள். போன நாளில இருந்து என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. மூண்டு வருசம். அப்பா எண்டு கூப்பிடுறது கிடக்கட்டும், தாயோட கதைக்கேக்கயும் 'அவர்' எண்டுதான் சொல்லுவாளாம். ஏன் எண்டு கேட்ட ஆக்களுக்கு, அவளுக்குக் கொழுப்பு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அண்டைக்கு வதனி ரண்டு விசயம் சொன்னா. நான் ஒரு ஆளிட்ட ஒழுங்காப் போனா அபி திரும்பக் கதைக்கிறதைப் பற்றி யோசிப்பாளாம். போகாட்டி தானும் பாமன்கடைக்குப் போயிடுவாவாம்.

அப்பிடித்தான் ஆள் தேடத் தொடங்கினது.

வெள்ளவத்தையில ஒருத்தரும் காணக்கூடாது எண்டு முதலில கொட்டாஞ்சேனைக்குப் போனன். கோயிலடிப் பக்கம் ஒரு வயசான கவுன்சிலர், சாந்தமான மனிசன். நான் ஏழைப் பிள்ளையாய்க் கொழும்புக்கு வந்த கதை, ஒரு லாம்பு வெளிச்சத்தில படிச்ச கதை எல்லாம் சொன்னன். மனிசன் ஒரு நாள் கண்ணைத் துடைச்சார். கிழமைக்கு ஒரு நாள் போறது, நாலாம் கிழமை மெதுவா இழுத்தார், தன்ர மகன் கெமிஸ்ட்ரியில கொஞ்சம் பின்னுக்கு நிக்கிறான் எண்டு. நான் சந்தோசமாய் ஓம் எண்டனான். அடுத்த கிழமையில இருந்து பேச்சு வைத்தியத்துக்கு ஒதுக்கின நேரத்தில நான் அவரின்ர பொடியனுக்கு ஓகானிக் கெமிஸ்ட்ரி படிப்பிச்சன். வதனிக்கு விளங்கின உடன தலையில கையை வைச்சா. "தனக்குத் தனக்கெண்டா சுளகும் படக்குப் படக்கெண்ணுமாம்," எண்டு மட்டும் சொன்னா, தன்ர காரியமெண்டா முறத்துக்கும் துடிப்பு வரும் எண்ட கணக்கில.

ரண்டாவது, பணக்காரர் இருக்கிற கொழும்பு ஏழில, இங்கிலீசில கதைக்கிற ஒரு அம்மா. கெட்டிக்காரி. அவ கேட்ட கேள்வி ஒவ்வொண்டும் சரியான இடத்தில குத்தினது. எனக்கு இங்கிலீசில கோவம் வராது, பிழை பிடிக்கத்தான் வரும். அவவின்ர சொல்லுகளைத் திருத்தினன். அவவின்ர புத்தகத்திலயும் பிழை இருக்கு எண்டன். ஏன் திருத்த வேணும் போல இருந்தது, அதைப் பற்றியே கதைப்பம் எண்டா, சிரிச்ச முகத்தோட. அதுக்குப் பிறகு அந்தப் பக்கமே நான் போகேல்லை. வீட்டில வந்து அவவுக்கு அனுபவம் காணாது எண்டு சொன்னனான்.

மூண்டாவது சென்னையில ஒருத்தர், போனில முகம் பார்த்துக் கதைக்கிறது. வசனத்துக்கு வசனம் சார் போட்டார். நல்லாத்தான் போச்சு. அந்தப் போன் வாறதுக்கு முன்னம் நான் தலைக்கு டை அடிச்சு, அயர்ன் பண்ணின சேட்டுப் போட்டு, சான்றிதழ்கள் மாட்டின சுவருக்கு முன்னால கதிரையை இழுத்துப் போடுறதை வதனி ஒரு மாசம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அந்தக் கதிரையை அவ தூக்கி உள்ள வைச்சிட்டா, அதோட அந்தப் போனும் நிண்டுது.

நான் திரும்பக் குகனிட்டப் போய், கொழும்பில ஒரு உருப்படியான ஆள் இல்லை எண்டு முறையிட்டன். அவன் வழமை மாதிரி எழும்பி நிண்டான். கனநேரம் நிண்டுபோட்டு, மெல்ல இருந்தான். எனக்கு முன்னால அவன் தன்ர கதிரையில இருந்தது அதுதான் முதல் தரம்.

"சேர், உங்களை எனக்குத் தெரியும். அதுதான் பிழை. உங்களைத் தெரியாத ஆளாப் பாக்க வேணும்," எண்டான்.

அப்பிடித்தான் தெமட்டகொடை. ரிஸானா மிஸ்ஸுக்கு என்ர மகளை விடப் பத்து வயசு கூட இருக்கும். ஆர்ட்ஸ் படிச்சவ, அதுக்குப் பிறகு மனநலம். கெமிஸ்ட்ரி எண்டா பள்ளிக்கூடத்திலயே பயந்து ஓடின ஆள். என்ர பேர் அவவுக்கு ஒண்டுமே இல்லை. வாசலில நம்பர் எழுதுற பிள்ளைக்கு நான் ஆரெண்டு சொல்லிப் பார்த்தன். 'நம்பர் எக்க கீயத அங்கிள்?' எண்டு, நம்பர் எத்தனை எண்டுதான் அவள் திருப்பிச் சிங்களத்தில கேட்டவள். ஒம்பது. எட்டுப் பேர் போய் முடியுமட்டும் பக்கத்தில ரெயில் பெட்டிகள் கொண்டுவந்து விடுற யாட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு குந்தியிருந்தன். உள்ள போனா மிஸ் பற்றீஸ் ஒண்டைக் கடிச்சுக்கொண்டிருக்கிறா. எழும்பேல்லை. "வாங்க, இருங்க," எண்டுபோட்டு வாயில கிடந்ததைச் சப்பி விழுங்கினா. எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது.

அவ முதல் கேட்டதில ஒண்டு, பிள்ளைகள் இருக்கா எண்டு. என்ர வாய் சொன்னது, ஒரு மகள், டொக்டர் எண்டு.

நினைச்சுச் சொன்னதில்லை. எழும்பி நிக்காத ஒரு ஆளுக்கு முன்னால வெறுங்கையோட இருக்க என்னால ஏலாமல் போச்சு. ஒரு தரம் சொன்னா பிறகு அதுக்குச் சோறு போட்டு வளர்க்க வேணுமே. ரண்டாம் கிழமை மகள் குருநாகலில வேலை, சின்னப் பிள்ளைகளின்ர வார்ட். நாலாம் கிழமை அவளுக்கு லண்டனுக்குப் போற வாய்ப்பும் வந்திட்டுது. மிஸ் எல்லாத்தையும் கொப்பியில எழுதிக்கொண்டா. மகளைப் பிரிஞ்ச தகப்பன்ர தனிமையைப் பற்றி அஞ்சு கிழமை கதைச்சம். எனக்கும் உண்மையிலயே கவலை வந்தது. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

ஆறாம் கிழமை மிஸ் வதனியையும் வரச் சொன்னா. வதனி நல்ல சீலை உடுத்து, நான் ஒழுங்காப் போறன் எண்ட சந்தோசத்தில வந்தவ. ஓட்டோவில வரேக்க, அபியிட்டயும் சொல்லிப்போட்டன் எண்டா. உள்ள போய் இருந்த உடன, டொக்டர் மகள் தூரத்தில இருக்கிறது உங்களுக்கும் கஷ்டமா இருக்கும் எண்டு மிஸ் அன்பாத் தொடங்கினா.

வதனி என்னைப் பார்த்தா. யாட்டில ஒரு எஞ்சின் ஊதி ஓய்ஞ்சது.

"எங்கட பிள்ளை டொக்டர் இல்லை மிஸ்," எண்டா. "அவளுக்கு அபிராமி எண்டு ஒரு பேர் இருக்கு. இவருக்கு அது காணாது."

அவ்வளவுதான். அழேல்லை, ஏசேல்லை. மிஸ்ஸிட்ட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பிப் போனா. நான் வீட்டுக்கு வந்து சேர, அலுமாரியில அவவின்ர உடுப்புத் தட்டு வெறுமை. பிரசர்க் குளிசையை மட்டும் நான் எடுக்க மறக்காத மாதிரி, சாப்பாட்டு மேசையில தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள வைச்சிட்டுப் போயிருந்தா.

அந்தக் கிழமை முழுக்க நான் செய்தது என்ன? போனை எடுத்து வேற ஆள் தேடினது. கெடுகுடி சொற்கேளாது எண்டது என்னைப் போல ஆக்களுக்குத்தான். புது ஆளிட்டப் போனா புதுக் கதை சொல்லலாம். ஆனால் பருப்பு எந்த ரின்னுக்குள்ள இருக்கு எண்டு கேக்கக்கூட வீட்டில ஆள் இல்லை. நான் திருந்தித் திரும்பிப் போனதெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. சத்தமில்லாத வீட்டுக்குப் பயந்துதான் தெமட்டகொடைக்குத் திரும்பப் போனனான். நம்பர் பதினாலு.

மிஸ்ஸுக்குக் கோவம் இருந்தது, அதை அவ மறைக்கவும் இல்லை.

"அஞ்சு கிழமையா இல்லாத ஒரு பிள்ளையப் பத்தி நாம ரெண்டு பேரும் கதைச்சிருக்கம்," எண்டா. "இருக்கிற பிள்ளை இப்ப என்ன செய்றா?"

நான் அபியின்ர பரீட்சைச் சுட்டெண் சொன்னன். மூண்டு தரமும் எடுத்த இசட் ஸ்கோர், அதாவது பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிற புள்ளி, தசமப் புள்ளிக்குப் பின்னால நாலு இலக்கத்தோட சொன்னன். மிஸ் பேனையை வைச்சிட்டு, அது ஆறேழு வருசத்துக்கு முந்தின கதை, இப்ப என்ன வேலை எண்டு கேட்டா. ஒரு கொம்பனி எண்டன். என்ன கொம்பனி? தெரியாது. என்ன வேலை? அதுவும் தெரியாது. மூண்டு வருசமா அவள் எத்தனை மணிக்கு எழும்பிறாள், எதில போறாள், என்ன சாப்பிடுறாள் எண்டு எனக்குத் தெரியாது எண்டதே அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பிறகு நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாததைச் சொன்னன். ரண்டாம் தரம் றிசல்ட்ஸ் வந்த பிறகு அபி என்ர வகுப்பிலதான் வந்து இருந்தவள், மூண்டாவது வரிசை வாங்கில. அண்டைக்குப் பிள்ளைகள் வீட்டு வேலை செய்துகொண்டு வரேல்லை. எனக்குக் கோவம் ஏறிட்டுது. அவளின்ர புள்ளியை எல்லாருக்கும் கேக்க வாசிச்சு, 'என்ர பிள்ளையே இவ்வளவுதான், உங்களிட்ட நான் என்னத்தை எதிர்பாக்கிறது?' எண்டனான். ஹோல் நிறையச் சிரிச்சுது. அந்தச் சிரிப்பு எனக்கு இண்டைக்கும் காதில கேக்குது. நல்ல பகிடி எண்டுதான் அதுக்குப் பிறகும் கனநாள் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

"அப்ப அவட மொகம் எப்படி இருந்திச்சு?" எண்டு மிஸ் கேட்டா.

யோசிச்சன். எந்த வாங்கு, என்ன பாடம், பலகையில என்ன சமன்பாடு, எல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது. முகம் இல்லை. நான் பாக்கேல்லை. எனக்கு அழுகை வந்தது. ஆரை நினைச்சு அழுறீங்க, உங்களையா அவவையா எண்டு மிஸ் கேட்டா. தெரியேல்லை எண்டு உள்ளதைச் சொன்னன். அந்த அறைக்குள்ள நான் சொன்ன முதல் உண்மை அதுவாத்தான் இருக்கும்.

மிஸ் எனக்கு வீட்டு வேலை தந்தா. பாமன்கடைக்குப் போய், மகளின்ர வேலையைப் பற்றிக் கேக்க வேணும். கேள்வி மட்டும் கேக்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு 'நான்' எண்ட சொல் வாயில வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போனன். வதனிதான் கதவைத் திறந்தா. அபி மேசையில இருந்து பயத்தங்காய் முறிச்சுக்கொண்டிருந்தாள். மெலிஞ்சிருந்தாள், கை விரலெல்லாம் தண்ணியில ஊறி வெடிச்சிருந்தது. நிமிர்ந்து பாக்கேல்லை. இவருக்கு உன்ர வேலை என்னெண்டு தெரிய வேணுமாம் எண்டு வதனி சொன்னா. அபி தாயைப் பார்த்துத்தான் கதைச்சாள். சொல்லுறன் அம்மா, கேக்கிற ஆள் கடைசிமட்டும் கேப்பாரெண்டா எண்டாள்.

பேலியகொடைப் பக்கம், கெலவல்லா எண்ட பெரிய சூரை மீன் வெளிநாட்டுக்கு ஏத்திற ஒரு கொம்பனியாம். விடிய முதல் போவாளாம். வாற மீனில துண்டு வெட்டி எடுத்து, லாபில ஹிஸ்டமின் இருக்கோ எண்டு பாக்கிறது அவளின்ர வேலை. பிடிச்ச மீனை உடன ஐசில போடாமல் விட்டா கிருமி பெருகி, சதையில இருக்கிற ஒரு அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் எண்ட நஞ்சாக்கிப்போடும். பிறகு ஐசில போட்டாலும் போகாது, அவிச்சாலும் போகாது. அவள் ஓம் எண்டு கையெழுத்து வைச்சாத்தான் லொறி வெளிக்கிடும்.

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்திட்டுது, உது நான் படிப்பிச்ச பாடமெல்லோ எண்டு. ஆண்டவனே, என்ன பாடு பட்டன். தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சன். கோப்பை முடிஞ்ச பிறகும் அது உள்ள போகேல்லை, இன்னொரு கோப்பை கேட்டன். அதுக்குப் பிறகுதான், எனக்கு உண்மையிலயே விடை தெரியாத ஒரு கேள்வி வந்தது.

"பழுதான மீனெண்டா மணத்தில பிடிக்கேலாதோ?" எண்டு கேட்டன்.

அவள் காயை முறிக்கிறதை நிப்பாட்டினாள்.

"ஏலாது," எண்டாள். தாயிட்ட இல்லை, மேசையைப் பார்த்து. "வெளியில பார்த்தா அருமையான மீன் மாதிரித்தான் இருக்கும். வெட்டித்தான் பாக்க வேணும்."

வதனிக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்துச் சிரிச்சு, அதை அடக்க ஏலாமல் அடுப்படிக்குப் போயிட்டா. சாப்பாடு போட்டினம். கறியில உப்புக் காணேல்லை. நான் வாயைத் திறக்கேல்லை. வதனி கறிச்சட்டியை இறக்கி வைச்சுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்த கஞ்சியும் இவள் வைச்சதுதான், விடிய நாலு மணிக்கு ஃபிளாஸ்கை வாசலில தந்திட்டு அப்பிடியே பேலியகொடைக்குப் போறவள் எண்டா. அஞ்சு நாளும்.

இப்ப ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒவ்வொரு கிழமையும் போறன், நம்பர் எடுத்துத்தான். இடையில ரண்டு தரம் கோவிச்சுக்கொண்டு போகாமல் நிண்டு, ரண்டு தரமும் திரும்பப் போனன். சுகம் எண்டு சொல்ல மாட்டன். களைக்குது. வாயில வாற ஒவ்வொண்டையும் பிடிச்சு வைச்சுப் பாக்கிறது இந்த வயசில லேசுப்பட்ட வேலை இல்லை. வகுப்புக்கு இப்ப ஒம்பது பேர். வதனி போன மாசம் வீட்டுக்கு வந்திட்டா, உடுப்பில பாதி இன்னும் பாமன்கடையிலதான் கிடக்குது. நானும் கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில மூண்டு பேரும் அங்க சாப்பிடுறம். அபி மேசையைப் பார்த்துக் கதைப்பாள், சில நேரம் என்ர சேட்டுப் பொத்தானைப் பார்த்து. என்னைக் கூப்பிடுறதெண்டு ஒண்டும் இன்னும் இல்லை.

இதில அவளின்ர கதையும் வருது எண்டபடியால், அவளிட்டக் கேக்காமல் வெளியில விட ஏலாது எண்டு மிஸ் சொல்லிப்போட்டா. அப்ப எழுதி முடிச்ச தாள்களை வதனியிட்டக் குடுத்து விட்டனான். தன்ர பேர் போடலாம் எண்டு அபி தாயிட்டச் சொல்லிவிட்டிருந்தாள். தாள்கள் நேற்றுத் திரும்பி வந்தது. பிள்ளைகளின்ர கொப்பியை நான் திருத்தின மாதிரியே, ஓரத்தில பென்சிலால அங்கங்க கோடு. கஞ்சிக்கு உப்பு சரியாத்தான் போட்டது எண்டு ஒரு இடத்தில. பேலியகொடை வாற இடத்தில 'என்ர மகள் ஒரு உணவு விஞ்ஞானி' எண்டு முதலில எழுதியிருந்தனான். அந்த வசனத்தை முழுக்க வெட்டிப்போட்டு, கீழ சின்ன எழுத்தில எழுதியிருந்தாள்:

"விஞ்ஞானி இல்லை அப்பா. மீன் பாக்கிறன்."